மெல்போர்னில் எந்த ஏரியா, எந்தப் பள்ளி? சின்னக் குழந்தைகளோடு குடிபெயர்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"பிஆர் வந்துவிட்டது, மெல்போர்னில் நல்ல ஸ்கூல் இருக்கும் ஏரியா எது?" பிஆர் என்றால் நிரந்தரமாக வசிக்கும் உரிமை. ஊரிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்வியோடுதான் தொடங்கும். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: மாலை மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் யார் நிற்பீர்கள்? பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. ஆனால் மூன்று முதல் எட்டு வயதுவரை குழந்தை உள்ள வீட்டில் ஏரியா, பள்ளி, வாடகை எல்லாமே அந்தப் பதிலிலிருந்துதான் கிளை பிரிகின்றன.

நாங்களும் வரிசையைத் தலைகீழாகச் செய்தோம். பள்ளியின் பெயரைப் பார்த்து வீடு எடுத்தோம். அப்புறம்தான் பள்ளி முடிந்தபின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே இடமில்லை என்று தெரிந்தது. ஒரே வருடத்தில் வீடு மாற்றினோம். பிறகு வந்த பல குடும்பங்கள் அதே இடத்தில் தடுக்கியதைப் பார்த்தேன். அதனால்தான் கீழே உள்ள வரிசை.

1. முதலில் விசாவின் எண்ணைப் பாருங்கள்

வேலைத் திறனை வைத்துத் தரும் விசாக்களில் 189 என்றால் ஆஸ்திரேலியாவில் எங்கும் வசிக்கலாம். 190 மாநிலத்தின் பரிந்துரையில் வருவது. எந்த மாநிலம் பரிந்துரைத்ததோ அங்கே வாழ்வதாக ஒப்புக்கொண்டுதான் வருகிறீர்கள். 491 என்றால் மெல்போர்ன், சிட்னி, பிரிஸ்பேன் மூன்றுமே கிடையாது. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் உங்கள் தேர்வு ஜீலாங், பல்லரட், பெண்டிகோ போன்ற ஊர்கள்தான். 491 கையில் வைத்துக்கொண்டு மெல்போர்னின் மேற்கே உள்ள டார்னீட்டில் வீடு தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணத்திலும் விசா விளையாடும். பிஆர் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை. தற்காலிக விசாவில் வருபவர்களுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு விதி. சிட்னி நண்பர் சொன்னதை மெல்போர்னுக்குப் பொருத்தாதீர்கள். மாநிலக் கல்வித் துறையின் விசாப் பட்டியலில் உங்கள் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

சைல்ட்கேர் மானியத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பிஆர் இருந்தால் அரசு உதவித்தொகை தரும் சென்டர்லிங்க் வழியாக விண்ணப்பிக்கலாம். வேலை விசாவில் வரும் பெரும்பாலோருக்குக் கிடையாது. மானியம் இல்லாமல் ஒரு குழந்தைக்கு ஒரு நாள் சைல்ட்கேர் 100 டாலரை எளிதாகத் தாண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போவதா, ஒருவர் வீட்டில் இருப்பதா என்பதே இதில்தான் தீரும்.

2. குழந்தை எந்த வகுப்பு என்று கணக்குப் போடுங்கள்

இங்கே கல்வி ஆண்டு ஜனவரி கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடியும், நான்கு டேர்ம். விக்டோரியாவில் முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டின் பெயர் பிரெப். அந்த ஆண்டின் ஏப்ரல் 30-க்குள் ஐந்து வயது நிரம்பினால் ஜனவரியிலேயே பிரெப் சேரலாம்.

ஜூன் 2021-ல் பிறந்த குழந்தைக்கு 2026 ஜூனில் ஐந்து ஆகும். அது 2027-ல்தான் பிரெப். மார்ச் 2022-ல் பிறந்த குழந்தை 2027 ஏப்ரலுக்குள் ஐந்தைத் தொட்டுவிடும்; அதுவும் 2027-ல் சேரலாம், அல்லது ஒரு வருடம் காத்திருந்து 2028-ல் சேரலாம். ஆறு வயதில்தான் பள்ளி கட்டாயம்.

இங்கே தடுக்குபவர்கள் நிறைய. "ஊரில் யுகேஜி முடித்துவிட்டான், மறுபடி பிரெப்பா?" என்று பள்ளியோடு வாதாடுவார்கள். வகுப்பை வயதுதான் தீர்மானிக்கிறது. எழுதத் தெரிந்த குழந்தைக்கு அதே வகுப்பிலேயே அடுத்த நிலைப் புத்தகம் கொடுப்பார்கள். எல்லைக்கோட்டில் இருக்கும் குழந்தையை அவசரமாகச் சேர்க்காமல் ஒரு வருடம் கின்டரில் (பிரெப்புக்கு முந்தைய மழலையர் பள்ளி) விடலாம் என்பது என் கருத்து. புது நாடு, புது மொழி, புது வீடு மூன்றும் ஒன்றாக வரும்போது அந்த ஒரு வருடம் பெரிய உதவி.

தேதி உங்கள் கையில் இருந்தால் அக்டோபர் வாக்கில் வந்து இறங்குங்கள். அடுத்த ஆண்டு பிரெப் சேரும் குழந்தைகளைப் பள்ளிக்கு வரச் சொல்லிப் பழக்கும் நாட்கள் நான்காவது டேர்மில்தான் நடக்கும். ஜனவரி நடுவில் இறங்கினால் வீடு, வேலை, பள்ளி எல்லாம் ஒரே பத்து நாளில் தலையில் விழும்.

3. கிளம்பும் முன் ஒரு ஃபைல்

பாஸ்போர்ட், விசா கடிதம், பெற்றோர் பெயரோடு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கடைசி ரிப்போர்ட் கார்டு. இவை எல்லோரும் கொண்டு வருவார்கள். கோட்டை விடுவது தடுப்பூசி அட்டையில்.

கின்டருக்கும் சைல்ட்கேருக்கும் தடுப்பூசி முழுமையாக இருக்க வேண்டும் என்பது விக்டோரியாவின் சட்டம். நம் ஊர் அட்டையை நீட்டினால் போதாது. இங்குள்ள ஜிபி என்னும் குடும்ப டாக்டரோ உள்ளாட்சிக் கவுன்சிலின் தடுப்பூசி நர்ஸோ அதை ஆஸ்திரேலியப் பதிவேட்டில் ஏற்றி, அதிலிருந்து கிடைக்கும் அறிக்கையைத்தான் கேட்பார்கள். பிரெப் சேர்க்கும் பள்ளியும் அதையே கேட்கும். சைல்ட்கேர் மானியத்துக்கும் தடுப்பூசிக் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

ஊரில் உங்கள் குழந்தை மருத்துவரிடம் சொல்லி ஒவ்வொரு ஊசியின் பெயரும் தேதியும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாளில் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். கிறுக்கலான அட்டையைப் படிக்க முடியாமல் திரும்ப ஊசி போட வேண்டி வந்த குழந்தைகள் உண்டு. ஒன்பது மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசியை இங்கே பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு வயதுக்குப் பிறகு போட்டவைதான் எண்ணிக்கையில் வரும். சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையில் இல்லை, இங்கே உண்டு. இவற்றை ஊரிலேயே மருத்துவரிடம் பேசி முடித்துவிட்டு வந்தால் இரண்டு, மூன்று வாரம் மிச்சம்.

4. மூன்றரை மணிக் கணக்கு

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்புள்ளி, நிதானமாகப் படியுங்கள்.

தொடக்கப் பள்ளி காலை எட்டே முக்கால், ஒன்பது வாக்கில் தொடங்கி மூன்றேகால், மூன்றரைக்கு முடியும். நம் ஊர்போல வீட்டு வாசலுக்கு வரும் வேனோ ஆட்டோவோ கிடையாது. ஐந்து வயதுக் குழந்தையை யாராவது கையோடு அழைத்துச் சென்று, கையோடு அழைத்து வர வேண்டும். வேலை ஐந்து மணிக்கு முடிந்தால் அந்த இடைவெளியை யார் நிரப்புவது?

பெரும்பாலான பள்ளிகளின் வளாகத்திலேயே காலையும் மாலையும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. ஆஃப்டர் கேர் என்பார்கள். மாலை ஆறு மணிவரை வைத்திருப்பார்கள். அதை நடத்துவது பெரும்பாலும் தனி நிறுவனம். இடம் குறைவு, காத்திருப்புப் பட்டியல் இருக்கும். பள்ளியில் சேர்ந்துவிட்டால் இதுவும் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்ததுதான் நாங்கள் செய்த தவறு. மானியம் இதற்கும் உண்டு.

இப்போது ஒரு தாளில் மூன்று புள்ளி வையுங்கள்: வீடு, பள்ளி, குழந்தையை அழைத்து வரப்போகும் ஆளின் வேலையிடம். மற்றவர் எவ்வளவு தூரம் போனாலும் பரவாயில்லை. அழைத்து வருபவரின் பயணம் மட்டும் சுருக்கமாக இருக்க வேண்டும். அலுவலகம் சிட்டியில் என்றால் ரயில், மற்ற இடம் என்றால் கார். கூகுள் மேப்பில் ஞாயிற்றுக்கிழமை தூரம் பார்த்து ஏமாறாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். வெஸ்ட்கேட் பாலமும் மொனாஷ் ஃப்ரீவேயும் அப்போது உண்மை முகத்தைக் காட்டும்.

ரயில் நிலையம் உண்மையில் எங்கே என்று வரைபடத்தில் பாருங்கள். பாயின்ட் குக்கில் நிலையம் கிடையாது, பக்கத்து வில்லியம்ஸ் லேண்டிங்குக்குத்தான் ஓட வேண்டும். கிளைட் நார்த்திலும் இல்லை. டார்னீட்டில் நிலையம் உண்டு, ஆனால் அது ஜீலாங் போகும் வி-லைன் என்னும் வெளியூர் ரயில் பாதை. நகர மெட்ரோ ரயில் போல அடிக்கடி வராது.

வேலை இன்னும் கிடைக்கவில்லை என்றால் ஒரு வருட ஒப்பந்தம் போடாதீர்கள். நான்கு முதல் ஆறு வாரம் தற்காலிக இடத்தில் தங்குங்கள். அந்தச் செலவைப் பார்த்துப் பயந்து முதல் வாரத்திலேயே கையெழுத்துப் போட்டவர்கள்தான் பின்னால் அதிகம் செலவழித்தார்கள்.

5. மூன்று ஏரியாக்களாகச் சுருக்குங்கள்

மேற்கே டார்னீட், ட்ருகனினா, விண்டம் வேல். புது வீடுகள், வாடகை ஒப்பீட்டில் குறைவு, நம் மக்கள் நிறைய. பள்ளிகளும் புதியவை, வேகமாக நிரம்புகின்றன. திடலில் தற்காலிக வகுப்பறைகள் வரிசையாக நிற்பதைப் பார்ப்பீர்கள்.

தென்கிழக்கே கிளேட்டன், மல்கிரேவ், க்ளென் வேவர்லி. பழைய வீடு, சின்ன வீடு, கூடுதல் வாடகை. பதிலுக்கு ரயில் (மல்கிரேவில் மட்டும் நிலையம் இல்லை), நூலகம், பூங்கா எல்லாம் ஏற்கெனவே அமைந்த இடம். டாண்டினாங், நோபிள் பார்க் பக்கம் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. கடை, ரயில் இரண்டுக்கும் குறைவில்லை. இன்னும் வெளியே போனால் கிரான்போர்ன், பேக்கன்ஹாம். வடக்கே கிரெய்கிபர்ன், எப்பிங், மெர்ண்டா.

கோயிலுக்குப் பக்கம் வேண்டும் என்று தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கும் சன்ஷைன் நார்த் முருகன் கோயிலுக்கும் சனி, ஞாயிறு காரில் போய் வரலாம். மளிகைக்கும் அப்படியே. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு முறை போகும் பாதைக்குத்தான் வாடகை கொடுக்கிறீர்கள்.

6. முகவரியை ஸோனோடு பொருத்துங்கள்

அரசுப் பள்ளிக்கு ஒரு எல்லை உண்டு, அதைத்தான் ஸோன் என்கிறார்கள். அதற்குள் நிரந்தரமாகக் குடியிருந்தால் வருடத்தின் நடுவில் வந்தாலும் இடம் உறுதி. வெளியே இருந்தால் இடம் மிஞ்சினால்தான். அதிலும் அங்கே படிக்கும் அண்ணன், அக்கா உள்ள குழந்தைகளுக்கு முன்னுரிமை.

விக்டோரியா அரசின் ஃபைண்ட் மை ஸ்கூல் இணையதளத்தில் வீட்டு முகவரியை முழுதாக, கதவு எண்ணோடு போடுங்கள். மெல்போர்னில் நேர்கோட்டுத் தூரத்தில் எந்தப் பள்ளி பக்கமோ, பொதுவாக அதுவே உங்கள் பள்ளி. அதனால் ஒரே தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு பள்ளிக்குப் போகலாம். ஏரியாவின் பெயர் ஒன்று என்பதற்காகப் பள்ளியும் ஒன்று என்று எண்ணாதீர்கள்.

அந்தத் தளத்தில் ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். குழந்தை சேரப்போகும் ஆண்டைப் போடுங்கள். புதுக் குடியிருப்புகளில் புதுப் பள்ளி திறந்தால் எல்லை நகரும். வீட்டு விளம்பரத்தில் இன்ன பள்ளியின் ஸோன் என்று எழுதியிருந்தாலும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போட்டி உள்ள பள்ளிகள் முகவரியைச் சோதிக்கும். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் போன்ற ஒவ்வொரு ஆவணத்துக்கும் இத்தனை புள்ளி என்று வைத்து, மொத்தம் 100 புள்ளி காட்டச் சொல்லலாம். தற்காலிக அறையின் முகவரியோ மாமா வீட்டு முகவரியோ அங்கே நிற்காது.

இன்னொரு தவறு, ஐந்து வயதுக் குழந்தைக்காக உயர்நிலைப் பள்ளியின் ஸோனுக்கு இன்றே வாடகை கொடுப்பது. பால்வின், மெக்கின்னன், க்ளென் வேவர்லி உயர்நிலைப் பள்ளிகளின் எல்லைக்குள் வாடகை ஏறித்தான் இருக்கும். ஆனால் உங்கள் பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போக இன்னும் ஏழு ஆண்டு இருக்கிறது. நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கும் நான்கு அரசுப் பள்ளிகளோ ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன, ஸோனும் அவற்றுக்குக் கிடையாது. அந்தக் கூடுதல் வாடகையைச் சேர்த்து வையுங்கள்.

7. மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது

மை ஸ்கூல் என்ற தேசியத் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் இக்ஸியா என்று ஒரு எண் இருக்கும். 1000 சராசரி. நம் ஆட்கள் இதைப் பள்ளியின் மார்க் என்று எடுத்துக்கொண்டு 1120 நல்ல பள்ளி, 1040 சுமார் என்று பிரிக்கிறார்கள். அந்த எண் முக்கியமாக அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருடைய படிப்பையும் வேலையையும் வைத்துக் கணக்கிடுவது. வாத்தியார் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்பது அதில் இல்லை.

நாப்லான் என்னும் தேசியத் தேர்வு 3, 5, 7, 9-ம் வகுப்புகளில் நடக்கிறது. முடிவை அப்படியே பார்க்காமல், ஒத்த பின்னணி உள்ள மாணவர்களோடு ஒப்பிடும் பகுதியைப் பாருங்கள். 1040 எண் உள்ள பள்ளி அந்த ஒப்பீட்டில் தொடர்ந்து மேலே நின்றால் அங்கே நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு வருட முடிவை மட்டும் நம்பாதீர்கள். சின்னப் பள்ளியில் நாலு பிள்ளைகள் மாறினாலே எண் மாறும்.

நான் இன்னும் இரண்டைப் பார்ப்பேன். ஒன்று மாணவர் எண்ணிக்கை: மூன்று ஆண்டில் இரட்டிப்பான பள்ளி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். மற்றது, வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசும் பிள்ளைகளின் சதவீதம். அது ஓரளவு இருந்தால் புதிதாக வரும் குழந்தையைக் கையாள அந்தப் பள்ளிக்குப் பழக்கம் இருக்கும்.

8. நேரில் போய்க் கேளுங்கள்

அலுவலகத்துக்குப் போன் செய்து டூர் கேட்டால் பெரும்பாலும் முதல்வரே சுற்றிக் காட்டுவார். தயங்காதீர்கள், இங்கே இது வழக்கம்தான். குழந்தையையும் கூட்டிப் போங்கள்.

கேட்க வேண்டியவை: அடுத்த டேர்மில் ஆஃப்டர் கேரில் இடம் உண்டா? இப்போது எத்தனை பிரெப் வகுப்புகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்? ஆங்கிலம் புதிதாகப் படிக்கும் குழந்தைக்கு வாரத்தில் எத்தனை நேரம், யார் சொல்லிக்கொடுப்பார்? வருட நடுவில் வந்த குழந்தையை முதல் வாரம் எப்படிப் பழக்குவீர்கள்? கடைசிக் கேள்விக்கு அவர் ஒரு நிஜக் குழந்தையை நினைத்துப் பதில் சொல்கிறாரா, பொதுவாகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

டூர் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மூன்றரைக்கு வாசலில் நில்லுங்கள். வெளியே வரும் பிள்ளைகளின் முகம், பெற்றோரோடு ஆசிரியர் பேசும் விதம், கார் நிறுத்த இடம், எல்லாவற்றையும் அங்கே பார்க்கலாம்.

குழந்தைக்கு ஆங்கிலமே வராது என்றால் நோபிள் பார்க், பிளாக்பர்ன் போன்ற இடங்களில் புதிதாக வந்தவர்களுக்கான அரசு ஆங்கிலப் பள்ளிகள் உண்டு. தகுதி இருந்தால் அங்கே சில டேர்ம் படித்துவிட்டு வழக்கமான பள்ளிக்கு வரலாம்.

9. கின்டர் வயதில் பிள்ளை இருந்தால்

விக்டோரியாவில் மூன்று வயதுக்கும் நான்கு வயதுக்கும் கின்டர் உண்டு. 2023 முதல் அரசுத் திட்டத்தில் சேர்ந்த தனிக் கின்டர்களில் கட்டணம் இல்லை. சைல்ட்கேருக்குள் நடக்கும் கின்டரில் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள்.

தனிக் கின்டர் வாரத்தில் சில நாள், சில மணி நேரம்தான். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குச் சைல்ட்கேருக்குள் இருக்கும் கின்டர்தான் சரிப்படும். இலவசம் என்ற சொல்லைப் பார்த்து முதலாவதைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் மதியம் ஒன்றரைக்குக் குழந்தையை அழைக்க ஆளில்லாமல் திண்டாடுகிறார்கள். பல கவுன்சில்களில் பதிவு முந்தைய ஆண்டே தொடங்கும். நடுவில் வருபவர்கள் கவுன்சிலில் பதிந்துவிட்டு ஒவ்வொரு மையத்துக்கும் தனியாகப் போன் செய்யுங்கள். யாராவது வெளியேறினால் இடம் கிடைக்கும்.

10. இப்போதுதான் வீடு

வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள். 500 டாலர் என்றால் நாலால் பெருக்கி மாதம் 2000 என்று எண்ணாதீர்கள். 7-ஆல் வகுத்து, 365-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2173 வரும். பட்ஜெட் முதல் மாதமே உடைவது இங்கேதான்.

நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். இங்கே வாடகைக்கு இருந்த சரித்திரம் உங்களுக்கு இல்லை என்பதால் வேலைக் கடிதம், வங்கி இருப்பு, ஊரில் வாடகைக்கு இருந்திருந்தால் அந்த வீட்டுக்காரரின் கடிதம், குடும்பத்தைப் பற்றி நான்கு வரி எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் வையுங்கள். முன்பணம் (இங்கே பாண்டு என்பார்கள்) வழக்கமாக ஒரு மாத வாடகை; அதை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ள முடியாது, அரசின் பாண்டு ஆணையத்தில்தான் கட்ட வேண்டும். வீட்டின் நிலையை எழுதிய அறிக்கையைக் குடிபோன ஐந்து வேலை நாளுக்குள் படங்களோடு திருப்பிக் கொடுங்கள். சுவரில் முன்பே இருந்த ஓட்டைக்குப் பின்னால் நீங்கள் காசு கட்ட வேண்டியிருக்காது.

கையெழுத்துக்கு முன் அந்த முகவரியை ஸோனில் மறுபடி ஒருமுறை போடுங்கள். அதே நாள் ஆஃப்டர் கேருக்கும் போன் செய்து இடத்தை உறுதி செய்யுங்கள்.

11. சேர்த்தல், முதல் வாரங்கள்

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் பள்ளியின் விண்ணப்பத்தோடு முகவரி, பிறப்பு, விசா, தடுப்பூசி ஆவணங்களைக் கொடுங்கள். இந்த நான்கில் தாமதமாவது எப்போதும் தடுப்பூசி அறிக்கைதான். அதனால் வந்த முதல் வாரமே மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுப் பதிவையும் ஜிபி டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு பெயர் எழுத வேண்டும்: டப்பா, தண்ணீர் பாட்டில், ஜாக்கெட், எல்லாவற்றிலும். முதல் டேர்மிலும் நான்காவது டேர்மிலும் விளிம்பு வைத்த தொப்பி இல்லாவிட்டால் பல பள்ளிகளில் திடலில் விளையாட விட மாட்டார்கள். சாப்பாட்டு டப்பாவைக் குழந்தை தானே திறக்கப் பழக்குங்கள். சாப்பிடக் கொடுக்கும் நேரம் கொஞ்சம்தான், ஊட்டிவிட ஆயா கிடையாது. தயிர்சாதமும் இட்லியும் கொடுத்தனுப்பலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வேர்க்கடலைச் சட்னி மட்டும் வேண்டாம், ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருப்பார்கள்.

கடைசியாக, வேலைக்குச் சேரும் தேதியை முடிவு செய்யும் முன் பள்ளியிடம் இதைக் கேளுங்கள். ஜனவரியில் பிரெப் சேரும் குழந்தைகளுக்குப் பல பள்ளிகள் முதல் சில வாரம் புதன்கிழமை வகுப்பு வைப்பதில்லை. அந்த நாட்களில் ஒவ்வொரு குழந்தையையும் தனியாக அழைத்து, என்ன தெரியும் என்று பார்ப்பார்கள். அந்தப் புதன்கிழமைகளுக்கு வீட்டில் யார் இருப்பது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.